செந்தூரம் வச்ச லேப்டாப்பு

எங்க அண்ணன் வீரையாவுக்குக் கோவமே வராது. அதுக்கும் சேத்து எனக்கு வரும். ராக்குன்னா போடியில எங்க தெருவுக்கே தெரியும். பக்கீர் முகம்மது பாய் ஸ்டோர்ல ஏலக்கா பொறுக்குறேன். வெடிச்சது தனி, வெளுத்தது தனி, நல்ல பச்சை தனி. கை பாட்டுக்குப் பொறுக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். ஆனா இப்பச் சொல்லப்போறது என் பெருமைய இல்ல. எங்க அண்ணனையும் அது மக அனுசியாவையும் பத்தி.

அண்ணன் ஜீப்பு ஓட்டுது. விடியுறதுக்கு முன்னாடி பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு, போடிமெட்டு வழியா மேல கேரளாக்காரன் ஏலத்தோட்டத்துல கொண்டுபோயி விட்டுட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து எறக்கும். எங்க அண்ணி பாண்டீஸ்வரியும் அதே ஜீப்புலதான் காயெடுக்கப் போகும். மலையில பழகிப் பழகி அண்ணனுக்குப் பேச்சே பாதி மலையாளமாப் போச்சு. ரெண்டாவது கரண்டி சோறு வச்சா, போதும்னு சொல்லாது, "மதி, மதி"ங்கும். கொண்டையூசி வளைவுல கிளச்ச மிதிச்சு மிதிச்சு இடுப்பு கெட்டுப்போயி, ஜீப்ப விட்டு எறங்கையில கதவப் புடிச்சுக்கிட்டு ஒரு நிமிசம் நிக்கும். கேட்டா, "கால் மரத்துப்போச்சுடி"ன்னு சமாளிக்கும்.

அதுக்கு ஒரு பழக்கம். மலையேறுறதுக்கு முன்னாடி அடிவாரத்து அனுமார் கோயில்ல ஜீப்ப நிறுத்தி, எண்ணெயில கொழைச்ச செந்தூரத்தத் தொட்டு முன்கண்ணாடிக்கு மேல ஒரு பொட்டு வைக்கும். கொஞ்சம் இலையில மடிச்சு வீட்டுக்கும் கொண்டாரும். பொட்டு வைக்காம எந்தச் சாமானையும் ஓட்டாது. வீட்டுக்குக் கிரைண்டர் வந்தப்பவும் வச்சுச்சு, என் தையல் மிசினுக்கும் வந்து வச்சுச்சு. "எல்லாத்துக்கும் ஒரு நெத்தி இருக்கும்டி, பாத்து வைக்கணும்"ங்கும். நான் சிரிச்சா மொறைக்கும், அம்புட்டுதான்.

அனுசியா பிளஸ் டூவுல நல்ல மார்க்கு வாங்குனா. காலேஜுல கம்ப்யூட்டர் பாடத்துக்கு சீட்டும் கெடைச்சிருச்சு. அண்ணனுக்குக் கால் தரையில நிக்கல. ஆனா இந்தக் கழுதைக்கு மனசு வேற பக்கம் இருந்துச்சு. எங்க ஸ்டோருக்கு மேல மாடியில பாயோட மகன் மன்சூரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கான். லெவன்த்து படிக்கையிலருந்தே லீவுக்கு லீவு அங்கதான் கெடப்பா. ஆபீசுல இருக்குற கம்ப்யூட்டரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்து, நெட்டு நிக்காம பாத்துக்கிற படிப்பு. நெட்வொர்க்குன்னு பேரு. ஒரே ஒரு பரீட்சை, பாஸானா சர்ட்டிபிகேட்டு, கையோட வேலை. "எனக்குக் காலேஜு வேணாம்ப்பா. மூணு வருசம் வேஸ்டு"ன்னுட்டா.

அண்ணன் சோத்துத் தட்டுக்கு முன்னாடி அப்படியே உக்காந்திருந்துச்சு. கோவப்படல. "நீ காலேஜுக்குப் போகணும்த்தா"ன்னு மட்டும் சொல்லுச்சு. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. வாய் இல்லாத மனுசன். நான்தான் மாடியேறிப் போயி மன்சூரப் புடிச்சு உலுக்குனேன். "ஏந்தம்பி, புள்ளைய என்னடா கெடுத்து வச்சிருக்க?"

அவன் டீய வச்சுட்டு, "அக்கா, நான் ஒண்ணும் கெடுக்கல. சர்ட்டிபிகேட்டு இருந்தா சின்னக் கம்பெனியில சீக்கிரமே எடுத்துக்குவான். பெரிய கம்பெனி வாசல்ல டிகிரி எங்கன்னு கேப்பான். ரெண்டும் நெசம். எது வேணும்னு அவதான் சொல்லணும்"ன்னான்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?"

"நீங்க கேக்கவே இல்லயேக்கா, வந்ததும் சட்டையப் புடிச்சிட்டீங்க."

அன்னைக்கு அனுசியாவத் தனியா இழுத்து வச்சுக் கேட்டேன். அப்பத்தான் அவ உண்மையச் சொன்னா. "அத்தை, அப்பா எறங்கையில கதவப் புடிச்சுக்கிட்டு நிக்குதே, பாக்கியா இல்லையா? இன்னும் மூணு வருசம் அந்த மலையில ஓட்டுனா அப்பா நடக்காது. நான் வெரசா வேலைக்குப் போனா ஜீப்ப வித்துட்டு வீட்டுல உக்காரச் சொல்லிருவேன். இத அப்பாட்ட சொல்லிராத. சொன்னா இடுப்புல ஒண்ணுமே இல்லன்னு குதிச்சுக் காட்டும்." எங்க வீட்டுப் புள்ள இம்புட்டு யோசிக்குதேன்னு பெருமையா இருந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

கடைசியில அண்ணனே ஒரு வழி சொல்லுச்சு. "காலேஜுல சேர திங்கக்கெழம கடைசி நாளு. அதுக்கு முன்னாடி அந்தப் பரீட்சைய எழுது. பாஸாயிட்டா நான் காலேஜுப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லாட்டி மறு பேச்சுப் பேசாம சேரணும்." அவ சரின்னுட்டா. வெள்ளிக்கெழம காலையில, வீட்டுலருந்தே எழுதுற மாதிரி காசு கட்டிட்டா.

வீட்டுலருந்து எழுதுற பரீட்சைன்னா என்னமோ லேசுன்னு நெனச்சேன். யாத்தே, என்னா கெடுபிடி! ரூமுக்குள்ள இன்னொரு ஆள் இருக்கக்கூடாது, சத்தம் கேக்கக்கூடாது. லேப்டாப்பு மேல ஒரு கேமரா இருக்காம். அதுல மொகத்தையும், அடையாள அட்டையையும், ரூமோட நாலு செவுத்தையும் காட்டணும். எங்கயோ உக்காந்து ஒருத்தன் பாத்துட்டுச் சரின்னாத்தான் கேள்வியே வருமாம். அதுக்கும் நேரம் இருக்கு, தாண்டுனா கதவடைச்சிருவான். முந்தின நாளே தெருவுல ஒவ்வொரு வீடாப் போயி, "காலையில எவளாவது மிக்சி போட்டீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்"னு சொல்லி வச்சேன்.

வெள்ளிக்கெழம நான் வாசல்ல காவலுக்கு உக்காந்திருந்தேன். அண்ணனும் அண்ணியும் கருக்கல்லயே மலைக்குப் போயாச்சு. அனுசியா கடைசி வரைக்கும் புத்தகத்தையே வச்சுக்கிட்டு இருந்துட்டு, சாமி கும்பிட்டு உள்ள போயி லேப்டாப்பத் தொறந்தா. தொறந்தவ, "அத்தை!"ன்னு ஒரு கத்து கத்துனா பாருங்க, தெரு மொனை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஓடிப்போயி பாத்தா, லேப்டாப்புல, மேல நட்ட நடுவுல, வட்டமா, அழகா, ஒரு செந்தூரப் பொட்டு.

அண்ணன் கெளம்புறதுக்கு முன்னாடி வச்சுட்டுப் போயிருக்கு. மக தூங்குறா, எழுப்ப வேணாம்னு சத்தமில்லாமத் தொறந்து, இதுக்கு நெத்தி எதுன்னு பாத்திருக்கு. உச்சியில, சரியா நடுவுல, பொட்டு அளவுக்கு ஒரு வட்டம் இருக்கு. வேற எங்க வைக்கும்? செஞ்சவனே பொட்டுக்கு எடம் விட்டு வச்சிருக்கான்னு நெனச்சிருக்கும்!

தொடைச்சா. எண்ணெயாச்சே, தொடைக்கத் தொடைக்கப் பரவுது. பழைய லேப்டாப்பு வேற. பொட்டு கருக்கல்லருந்து ஊறி ஊறி, கேமராவச் சுத்தியிருந்த சந்துக்குள்ள எறங்கிப் போச்சு. ஈரத்துணி, சோப்புத் தண்ணி, என் முந்தானை, ஒண்ணும் வேலைக்காகல. திரையில புள்ளையோட மொகம் செகப்புப் புகைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பக்கத்து ஆளு மொகம் தெரியல, அட்டை தெரியலன்னு எழுதி எழுதி அனுப்புறான். இவ கையெடுத்துக் கும்பிடுறா. அதுவும் அவனுக்குத் தெரியாதுல்ல! மன்சூருக்குப் போன் போட்டோம். அவன் பைக்க வெரட்டிக்கிட்டு வந்து நிக்கவும், பரீட்சைக்காரன் கதவடைச்சுட்டான் படுபாவி. கட்டுன காசும் போச்சு.

நான் கத்துன கத்துல, மிக்சி போடாம இருந்த வீடெல்லாம் வெளிய வந்துருச்சு. "வரட்டும் உங்கப்பன், இன்னைக்கு அந்த அனுமாரு வாலப் புடுங்கிர்றேன்"னேன். அனுசியா கண்ணத் தொடைச்சுக்கிட்டு என் கையப் புடிச்சா. "அத்தை, அப்பாட்ட நான் பெயிலாயிட்டேன்னுதான் சொல்லுவேன். நீயும் அதையேதான் சொல்லணும். என் மேல சத்தியம்."

"ஏன்டி? நீ பெயிலாகலயேடி!"

"அப்பா வச்ச பொட்டால கெட்டுச்சுன்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் அப்பா ஜீப்புக்குக்கூடப் பொட்டு வைக்காது அத்தை. பொட்டு வைக்காம அந்த மலையில எப்படி ஓட்டும்?"

அவ தலையில கைய வச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். மன்சூரும் யாருகிட்டயும் சொல்லலன்னுட்டான். அந்த லேப்டாப்பக் கழட்டித் தொடைச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான்.

சாயங்காலம் அண்ணன் வந்துச்சு. பெயிலுன்னதும் மொகம் வாடிப்போச்சு. "நெசமாவே நீ பாஸாகணும்னுதான்த்தா கும்பிட்டேன்"னு அவ தலையத் தடவுச்சு. திங்கக்கெழம சேத்தும் விட்டுருச்சு. மறுநாள்லருந்து ஜீப்புல ஏறுறவுககிட்டல்லாம், "எம்மக ஒரு பரீட்சையில கோட்டு அடிச்சிருச்சு, ஆனா காலேஜு போகுது"ன்னு சொல்லிக்கிட்டே போகும். ஒண்ணாப்புலருந்து பெயிலுன்னா என்னன்னே தெரியாத புள்ள. தெருவுல ஆளாளுக்குக் கேலி பேசுறாளுக, அவ சிரிச்சுக்கிட்டே பஸ்சுக்கு நடக்குறா. ஸ்டோர்ல நான் வாயவே தொறக்கல. பக்கீர் பாயே பயந்துபோயி, "ராக்கு, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாரு.

ரெண்டாவது வருசக் கடைசியில மறுபடியும் அந்தப் பரீட்சைக்குக் கட்டுனா. இந்தத் தடவை ஞாயித்துக்கெழம, தோட்டம் லீவு. அண்ணன் குளிச்சுட்டு, ஈரத்தலையோட, இலையில செந்தூரத்த வச்சுக்கிட்டு வந்து நிக்குது. அனுசியா லேப்டாப்பத் தூக்கித் திருப்பி மூடியோட வெளிப்பக்கத்தக் காட்டுனா. "அப்பா, இங்க வைப்பா. இதுதான் நெத்தி."

"ஏந்த்தா, உள்ள வட்டமா இருக்கே?"

"அது கண்ணுப்பா."

அண்ணன் விரல் செந்தூரத்தோட அப்படியே நின்னுருச்சு. "கண்ணா?"ன்னுச்சு. அவளப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு. நான் மோட்டுவளையப் பாத்தேன். "அப்ப அன்னைக்கு…? நான் கண்ணுலயாத்தா வச்சேன்?"

"அன்னைக்கு நான் ஒழுங்காப் படிக்கலப்பா."

"பொய் சொல்லாத. நீ படிக்காம இருப்பியா?" அண்ணன் தரையில உக்காந்துருச்சு. "ரெண்டு வருசமா எம்மக பெயிலுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, பாவி." அம்புட்டுத்தான், கட்டுன வாய நான் அவுத்துட்டேன். "அவ எதுக்கு அந்தப் பரீட்சைக்கு அலைஞ்சான்னு நெனச்ச? உன் இடுப்புக்குத்தான்! உன்ன ஜீப்ப விட்டு எறக்கத்தான்!"

அண்ணன் எங்கிட்டப் பேசுற மாதிரி, மெதுவாச் சொல்லுச்சு. "டிகிரி யாருக்குடி வேணும்? காலையில ஜீப்புல இவ வயசுப் புள்ளைக ஒண்ணு தோள்ல ஒண்ணு சாஞ்சு தூங்கிக்கிட்டு வருதுக. கண்ணாடியில தெனம் பாக்குறேன். பாண்டீஸ்வரி பதினாறு வயசுல என் ஜீப்புல ஏறுனா. இன்னும் எறங்கல. எம்மகள ஒரு மூணு வருசத்துக்கு எவனும் வேலைக்கு வான்னு கூப்பிடக் கூடாது, அவ பாட்டுக்கு உக்காந்து படிச்சிட்டு இருக்கணும்னுதான் காலேஜுன்னேன். எனக்கு அதச் சொல்லத் தெரியல." அடுப்படியில நின்ன அண்ணி பாத்திரத்த அப்படியே வச்சுட்டு முந்தானையால மூஞ்சிய மூடிக்கிச்சு. நான் அழுதேன், இதுல என்ன வெக்கம்?

அன்னைக்கு லேப்டாப்புக்கு அது பொட்டே வைக்கல. விரல்ல இருந்த செந்தூரத்த மக நெத்தியில வச்சுட்டு, ஜீப்பக் கொண்டுபோயி தெரு மொனையில குறுக்க நிறுத்தி, பரீட்சை முடியுற வரைக்கும் ஒரு வண்டிய உள்ள விடல. பால்காரனுக்கும் அதுக்கும் சண்டை. எங்க அண்ணன் சண்டை போட்டு அன்னைக்குத்தான் பாத்தேன்.

பாஸாயிட்டா. மன்சூரு சொன்ன மாதிரியே ஒரு மாசத்துக்குள்ள மதுரையில ஒரு சின்னக் கம்பெனியிலருந்து போன் வந்துச்சு, ஒடனே வாங்கன்னு. அண்ணன் ஜீப்பத் தொடைச்சுக்கிட்டு இருக்கு, நான் பக்கத்துல நிக்கிறேன். அவ போன்ல, "சார், எனக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. முடிச்சுட்டு வரட்டுமா?"ன்னா. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். வச்சதும், "கூறு கெட்ட கழுதை! இதுக்குத்தானடி அம்புட்டுப் பாடுபட்ட? அவன் என்ன சொன்னான்?"

"அப்பப் பாப்போம்னாரு அத்தை."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம்தான். அப்பா எனக்கு மூணு வருசம் குடுத்துச்சு. இன்னும் ஒரு வருசம் உக்காந்து படிச்சுக்கிறேன்."

அண்ணன் ஈரத்துணியப் புழிஞ்சு காயப்போட்டுச்சு. ஜீப்புக் கதவப் புடிச்சுக்கிட்டு ஒரு நிமிசம் நின்னுச்சு. பெறகு என்னப் பாத்து, "ஏண்டி ராக்கு, இந்த இடுப்பு இன்னும் ஒரு வருசம் தாங்கும்ல?"ன்னு கேட்டுச்சு.

இத்தன வருசத்துல அது இடுப்பு வலிக்குதுன்னு ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தான்.

"தாங்கும்ண்ணே"ன்னேன்.