துரையின் விலா எலும்புகள்

நாய்க்கு விலா எலும்பு பக்கத்துக்குப் பதின்மூன்று. மனிதனைவிட ஒன்று கூடுதல். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, தினமும் காலையில் எங்கள் துரையின் இடப்பக்கத்தில் எண்ணித் தெரிந்துகொண்டேன். கடைசி எலும்பின் நுனி எதையும் பிடித்துக்கொள்ளாமல் சதைக்குள் சும்மா நிற்கும். அதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவற்றுக்கு, அந்த வருஷம், கண்ணே போதுமானதாக இருந்தது.

துரை ராஜபாளையத்து நாய். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, யாரையும் மதிக்காத பார்வை. அதனால்தான் அந்தப் பெயர். சித்தப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். அங்கே அவருக்குப் பழக்கமான ஒரு பெரியவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தலைமுறையாக நாய் வளர்க்கிறவர், குட்டியை இனாமாகத் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"நான் எப்ப வந்து பாத்தாலும் மூணு எலும்புக்கு மேல தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒரு வார்த்த பேச மாட்டேன். அவுத்துக் கூட்டிட்டுப் போயிருவேன்."

சித்தப்பா தைரியமாகத் தலையாட்டிவிட்டு வந்தார். குட்டி வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுடையது கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கிற வீடு. வீட்டுக்குப் பின்னால் நந்தவனம், நந்தவனத்தை ஒட்டி மாட்டுத் தொழுவம். முட்டை என்ற பொருளை நான் பள்ளிக்கூடத்துப் பட அட்டையில்தான் பார்த்திருந்தேன். துரைக்குத் தொழுவத்தில் இடம் கிடைத்தது. சாப்பாடு தயிர்சாதம், பருப்புச் சாதம், பசும்பால். அதை ஊற்றுகிறவள் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பிகள் வீட்டோடு வந்துவிட்டவள். ஒல்லி. எவ்வளவு சாப்பிட்டாலும் ஒல்லி என்று அம்மா சொல்வாள். எவ்வளவு சாப்பிட்டாள் என்பது எங்கள் தெருவில் வேறு விதமாகப் பேசப்பட்டது. மாலை தொடுப்பதில் அவளுக்கு மிஞ்சிய ஆள் ஊரில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடுப்பாள்; பூவுக்கும் பூவுக்கும் இடைவெளி மாறாது. ஆண்டாளுக்குப் போகிற மாலையை வேறு யார் கையிலும் விடமாட்டாள். துரையின் பெயரை அவள் சொன்னதே கிடையாது. "அது" என்பாள். கை அதன் தட்டில் படாமல் இரண்டடி உயரத்திலிருந்து சோற்றைப் போடுவாள்.

ஒன்றரை வயதில் துரை மெலியத் தொடங்கியது. பசி மட்டும் மெலியவில்லை. தட்டை நக்கி, தரையை நக்கி, மாட்டின் புண்ணாக்குத் தொட்டியையும் நக்கியது. தின்றதெல்லாம் வெளிறிய களிமண்போல, எண்ணெய்ப் பிசுக்கோடு, தின்ற அளவுக்கே வெளியே வந்தது. வாடை நந்தவனத்து மல்லிகையையும் தாண்டியது. நான் எண்ணினேன். ஐந்து. ஏழு. எட்டு.

"பூக்கார வீட்ல நாய்க்கும் ஏகாதசி போல" என்று பால்காரர் சிரித்தார்.

எதிர்வீட்டுப் பெண் அதோடு நிறுத்தவில்லை. "அந்த வீட்டுச் சோத்துல யாரு தேறியிருக்கா? அந்தக்காளப் பாத்தாத் தெரியலையா?" என்றாள். அத்தை அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து காலையில் என்னைக் கண்டதும் கேட்க ஆரம்பித்தாள்:

"ஏலே, இன்னைக்கு எம்புட்டு?"

"ஒம்பது, அத்தை."

"சரியா எண்ணுனியா?"

வைகாசியில் ராஜபாளையத்துப் பெரியவர் சொல்லி அனுப்பினார்: ஆடிப்பூரத் தேருக்கு வருகிறேன், நாயையும் பார்த்துவிட்டுப் போகிறேன். சித்தப்பாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. நாயோடு மானமும் போய்விடும். தேர் அன்று தெரு முழுக்க ஆள் இருக்கும். எலும்புக்கூட்டை அவர் அவிழ்த்துக்கொண்டு போவதை ஊரே பார்க்கும்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் இளவயது, வெளியூர்க்காரர். துரையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, அதன் மலத்தில் கொஞ்சமும், வேறு ஏதாவது நல்ல நாயின் மலத்தில் கொஞ்சமும் கொண்டுவரச் சொன்னார். பஞ்சாலையில் பத்துப் பேரை வேலை வாங்குகிற சித்தப்பா, ஒரு தெருநாய்க்குப் பின்னால் கொட்டாங்கச்சியோடு அலைந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

டாக்டர் இரண்டையும் தனித்தனிக் குழாயில் சோடா உப்புத் தண்ணீரில் கரைத்து, எக்ஸ்ரே பிலிமில் ஒவ்வொரு துண்டை உள்ளே விட்டார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவினார். தெருநாயின் துண்டில் பூச்சு கரைந்து கண்ணாடிபோல ஆகிவிட்டது. எங்கள் துரையின் துண்டு அப்படியே இருந்தது.

"இந்தப் பூச்சு ஒரு மாதிரிப் புரதம். கணையத்துல ஊறுற சாறு இருந்தா இதைத் தின்னுடும்" என்றார். "உங்க நாய்க்கு அந்தச் சாறு இல்லை."

பிறகு என்னைப் பார்த்தே விளக்கினார். ஈரலில் பித்தநீர் ஊறுகிறது. எண்ணெய்த் தலைக்குச் சீயக்காய் எப்படியோ அப்படி, அது கொழுப்பைப் பிரித்துவிடும். ஆனால் பிரித்ததை அறுத்து ரத்தத்தில் சேரும்படி பொடியாக்குவது கணையச் சாறு. மாவுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று அதில் மூன்று விதமான கத்தி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் நமக்கும் இதே ஏற்பாடு. குதிரைக்கு மட்டும் பித்தநீரைச் சேர்த்து வைக்கும் பை கிடையாது. நாள் முழுக்க மேய்கிற பிராணி என்பதால் அதன் ஈரல் ஓயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அன்று மாலை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நின்ற ஜட்கா வண்டிக் குதிரையை நான் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தேன். இப்போது என் ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதும் அந்தச் சீயக்காய்தான் ஞாபகம் வருகிறது. ஒரு கவளத்துக்கு முப்பத்திரண்டு தடவை மெல்கிறேன். என் பங்குக்கு நான் அவ்வளவுதான் செய்ய முடியும்.

இதற்கான தூள் மருந்து எங்கள் பக்கம் கிடைக்காது என்றார் டாக்டர். "ஆட்டுக் கணையம் வாங்கிச் சோத்துல கலந்து போடுங்க. ஆயுசுக்கும் போடணும்."

அப்பா இதைக் கேட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். "பாலும் தயிருமா ஊத்துதோம். அதுக்கு ஆடு கேக்குதோ?" என்றார். கடைசியில், நந்தவன வேலிக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் என்ன நடந்தாலும் தனக்குத் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னார்.

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கச் சித்தப்பா மம்சாபுரத்துக் கறிக்கடைக்குச் சைக்கிளில் போனார். கடைக்காரர் முதலில் ஈரலைக் காட்டினார். பிறகு மண்ணீரலைக் காட்டினார். சித்தப்பா டாக்டர் வரைந்து கொடுத்த படத்தை நீட்டியதும் இரைப்பைக்குக் கீழே, குடலை ஒட்டிக் கிடந்த வெளிறிய சதையைத் தூக்கிக் காட்டினார்.

"இதையா கேக்கிய? அண்ணாச்சி, இத நாங்க நாய்க்கில்லா போடுவோம்!"

"நானும் நாய்க்குத்தான்யா கேக்கேன்."

கடைக்குப் பின்னால் படுத்திருந்த தெருநாய்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருந்ததாகச் சித்தப்பா வயிற்றெரிச்சலோடு சொன்னார்.

பச்சையாகத் தொட அவருக்கு மனம் வரவில்லை. புளியமரத்தடியில் மூன்று செங்கலை வைத்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, மஞ்சளும் உப்பும் போட்டு நன்றாக வேகவைத்துப் போட்டார். துரை வழித்துத் தின்றது. எங்களுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் எலும்பு ஒன்பதிலிருந்து பத்தாயிற்று, பத்து பதினொன்றாயிற்று.

"வேக வச்சீங்களா!" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சூடு பட்டா அந்தச் சாறு செத்துப்போகும். பச்சையா, பொடிசா நறுக்கி, சோத்துல கையால பிசைஞ்சு, அரை மணி நேரம் வச்சுக் குடுங்க."

மறுநாள் சித்தப்பா நறுக்கத் தொடங்கினார். இரண்டாவது துண்டிலேயே எழுந்து வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், வாங்கி வந்த பையைப் புளியமரக் கிளையில் மாட்டிவிட்டு, துரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வேலைக்குப் பஸ் ஏறப் போய்விட்டார்.

நான் எண்ணுவதற்காகத் தொழுவத்துக்குப் போனபோது அத்தை புளியமரத்தடியில் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பரணில் கிடந்த பழைய அரிவாள்மணை அவள் காலடியில் இருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள். உதடுகள் அசைந்தன; பாசுரமாக இருக்க வேண்டும். விரல்கள் மட்டும், பூத் தொடுக்கும்போது போலவே, சின்னச் சின்னதாக, ஒரே அளவாக நறுக்கித் தள்ளின. பிறகு சோற்றில் போட்டுப் பிசைந்தாள்.

"என்னல வாயப் பாக்க? எண்ணிட்டியா?"

"பதினொண்ணு, அத்தை."

"செத்த நேரம் ஊறட்டும். தட்டக் கொண்டா."

அந்தச் சோற்றை நான் விட்டு நகரவில்லை. கெட்டியாகப் பிசைந்த சாதம், யாரும் தொடாமலே, கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து கஞ்சிபோல நீர்விட்டது. வயிற்றுக்குள் நடக்க வேண்டியது தட்டில் நடந்துகொண்டிருந்தது. அத்தை கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். விடியலில் ஒரு தடவை குளித்திருந்தாள், இது இரண்டாவது. அன்றுமுதல் தினமும் இரண்டு.

நான்கே நாளில் வாடை நின்றது. ஆனி முடியும்போது எலும்பு ஏழு. ஆடி பிறந்தபோது ஐந்து. தேரன்று காலையில், பெரியவர் தெருவில் அத்தனை பேர் பார்க்கக் குனிந்து, துரையின் விலாவில் உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். மூன்று.

"பரவாயில்லப்பா. சோறு போடுற வீடுதான்" என்றார்.

சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தினார். எதிர்வீட்டுப் பெண் உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை என்னைக் கூப்பிட்டு, அவர் சொன்னதைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஆனால் அந்தத் தேர் மாலையை அத்தை தொடுக்கவில்லை. அரிவாள்மணையை எடுத்த நாளிலிருந்தே அவள் பூக் குவியல் பக்கம் வருவதில்லை. அம்மாதான் தொடுத்தாள், இடைவெளி முன்னே பின்னே இருந்தது. கேட்டதற்கு, அத்தைக்குக் கை வலி என்றார்கள். நான் நம்பினேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேப்பெண்ணெயைச் சுடவைத்து அவள் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக நீவிவிடுவேன். அவளும் மறுக்காமல் கையை நீட்டிக்கொண்டிருப்பாள். "இந்த விரலா, அத்தை?" என்று கேட்பேன். "ஆமா, அதுதான்" என்பாள். தினம் ஒரு விரலைச் சொல்வாள்.

துரை அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தது; அத்தனை வருஷமும் நறுக்கிப் பிசைந்தது அத்தைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் வேலையில் சேர்ந்து லீவில் வந்திருந்தபோது, ஒருநாள் மத்தியானம் புளியமர நிழலில் படுத்தது எழுந்திருக்கவில்லை. அங்கேயே புதைத்தோம்.

மறுநாள் விடியலில் கூடத்துக்கு வந்தேன். அத்தை ஒரே ஒரு தடவை குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பூக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. நாரும் பூவுமாக மாலை மடியில் இறங்கிக்கொண்டிருந்தது. இடைவெளி மாறவில்லை.

"கை வலி தேவலையா, அத்தை?" என்றேன்.

"எனக்கு எங்கலே கை வலிச்சது" என்றாள், கண்ணைத் திறக்காமல்.