செவலைக் காதும் இரண்டு பிளாக்கும்

ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஆப் கம்பெனியில் மாடரேட்டராகச் சேர்ந்த முதல் நாளே முதலாளி என் வேலையைச் சொல்லிவிட்டார். "நாய் வளக்கிறவங்க பேசிக்கிற ஆப்பும்மா இது. சண்டை வந்தா பிளாக் பட்டனைக் காட்டிரு. பொறவு ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தருக்குத் தெரியாது. நமக்கும் நிம்மதி."

நானும் பந்தியில் அப்பளம் வைப்பதுபோல ஆளாளுக்குப் பிளாக் பட்டனைக் காட்டினேன். குழு அமைதியாகிவிட்டது. எனக்கு அதில் பெருமை வேறு.

அப்படிப் பிளாக் போட்டுக்கொண்டவர்களில் பெரிய தலைகள் இரண்டு. ஒருவர் மம்சாபுரம் தங்கப்பாண்டி அண்ணாச்சி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சரோஜா டீச்சர். சுத்த வெள்ளை நாய்க்கும் செம்பழுப்பாய்ச் செவலைக் காதோடு குட்டி பிறக்கும் என்று டீச்சர் எழுதினார். "பொறக்காது. பொறந்தா அது கலப்பு" என்றார் அண்ணாச்சி. பேச்சு நாயை விட்டுவிட்டு மனுசர்களின் வம்சத்துக்குப் போனதும் இருவரும் பிளாக் போட்டார்கள்.

பிறகு ஒரு திருவிழா வந்தது. வேட்டுச் சத்தத்தில் மிரண்டு, அண்ணாச்சியின் வெள்ளை நாய் பவுனு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நிறைசினை. "வாயில்லாச் சீவன், எங்க கிடந்து தவிக்குதோ. பாத்தவங்க சொல்லுங்க" என்று போஸ்ட் போட்டார். கொஞ்ச நேரத்தில் டீச்சரிடமிருந்தும் ஒரு போஸ்ட்: "என் மாட்டுத் தொழுவத்துல ஒரு வெள்ளை நாய் வந்து படுத்திருக்கு. யாரோடது?"

இரண்டு போஸ்ட்டும் எல்லாருக்கும் தெரிந்தது, அந்த இருவரைத் தவிர. "அண்ணே, மேல பாருங்க" என்று அண்ணாச்சிக்குக் கமெண்ட் குவிந்தது. அவர் திரையிலோ மேலே ஒன்றுமே இல்லை. "நாயைத் தொலைச்சிட்டு நிக்கேன், என்னையப் பாத்தா நக்கலா இருக்கா?" என்று, உதவ வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக மியூட் செய்துகொண்டே போனார்.

நான் போனைப் போட்டேன். "அண்ணாச்சி, பவுனு சரோஜா டீச்சர் வீட்டுலதான் இருக்கு."

"அவியகிட்ட நான் பேச மாட்டேன். நீயும் கூட வாரியாம்மா?" என்றார்.

"வாரேன் அண்ணாச்சி" என்று பஸ் ஏறினேன்.

தொழுவத்தில் பவுனு நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. அண்ணாச்சி அதன் தலையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாலு எதுவும் குடிச்சுச்சான்னு கேளும்மா."

இரண்டடி தள்ளி நின்ற டீச்சர், "கஞ்சியே குடிச்சாச்சுன்னு சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இருவரும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கம் பேச்சு இல்லாத குடும்பங்கள் எத்தனை! கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து மூன்றாவது ஆளிடம் சொல்லுவார்கள். வாய்க்குத்தான் பூட்டு. எங்கள் பட்டன் காதையும் சேர்த்துப் பூட்டியிருந்தது.

அண்ணாச்சி குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கடைசிக் குட்டிக்கு இடது காது செவலை.

"தாயும் தகப்பனும் நம்ம வீட்டு வெள்ளைதானே..." என்று முணுமுணுத்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் மாட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

"டீச்சர்" என்று அண்ணாச்சி நேராகவே கூப்பிட்டார். "பால்குடி மறந்ததும் இந்தக் குட்டியை நீங்களே வச்சுக்கோங்க."

மறுநாளே முதலாளியோடு மல்லுக்கட்டி ஆப்பை மாற்ற வைத்தேன். பிளாக் போட்டவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுத முடியாது, ஆனால் எழுதியதைப் படிக்கலாம். அசிங்கமாகத் திட்டுகிறவர்களுக்கு மட்டும் பழைய பூட்டு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குழு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், யாருக்கு எது தெரியாமல் போகிறது என்று முதலில் பாருங்கள்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் தன் பிளாக்கை எடுத்துவிட்டு அந்தக் குட்டியின் படத்தைப் போட்டார். அண்ணாச்சியும் தன் பிளாக்கை எடுத்துவிட்டு, அதன் கீழே எழுதியிருந்தார்: "காது அழுக்கா இருக்கு. தொடைச்சு விடுங்க டீச்சர்."

மறுபடியும் சண்டைதான் என்று நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். பதில் உடனே வந்தது.

"தொடைச்சுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. செவலை போக மாட்டேங்குது."