ஒரே சீட்டில் வயலினும் புல்லாங்குழலும்

சாப்பிட்ட தட்டுகளைத் தொட்டியில் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தட்டக்கா இசைத்தட்டைத்தான் முதலில் கழுவுகிறார். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையாமலிருக்க அதன்மேல் ஒரு டப்பா மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மெல்லிய துணியால் வட்டத்தோடு வட்டமாகத் துடைக்கிறார். குறுக்கே தேய்ப்பது அவருக்கு ஆகாது. "ரோடு எப்படிப் போகுதோ அப்படித்தான் போகணும். குறுக்க போனா யாருக்கு நல்லது?" என்பார். துடைத்ததைப் பாத்திரம் காயவைக்கும் கம்பிக்கூடையில் நிறுத்துகிறார். சாப்பாட்டுத் தட்டுகள் தொட்டியிலேயே கிடந்து தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன.

பெயர் டிப்போவில் வந்தது. நகரப் பேருந்து ஓட்டுகிற பெண், சம்பளம் வந்த கையோடு பழைய சாமான் கடைக்குப் போய்த் தட்டு வாங்குகிறாள் என்று யாரோ பேச்சுவாக்கில் சொல்ல, அது ஒட்டிக்கொண்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த கண்டக்டர் ஒருவர் விஷயம் புரியாமல், "அக்கா, வீட்டுக்குக் கொஞ்சம் தட்டு வேணும். நமக்குன்னா பாத்துப் போட்டுத் தருவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் தட்டக்கா அவருக்கு ஓர் இசைத்தட்டையே கொண்டுவந்து கொடுத்து, இதில் குழம்பு ஊற்றினால் ஓடிவிடும், பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொன்னார்.

கடைக்குள் நுழைந்தால் அட்டையின் படத்தைப் பார்ப்பதே இல்லை. தட்டை உருவி, விளிம்பை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே தாங்கி, கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். கீறல் இருந்தால் உதறிவிட மாட்டார். "குழி விழுந்த ரோடுதான். மெதுவா போனா போயிடலாம்" என்று அதையும் வாங்கிக்கொள்வார். பாட்டுப்பெட்டியில் ஊசி தாவினால் "ஸ்டாப்புல நிக்காம போறான்" என்பார். ஒரே இடத்தில் சுற்றினால் "பிரேக் டவுன்". முதல் பக்கம் 'போற ட்ரிப்'. மறுபக்கம் 'ரிட்டன்'.

ஒருமுறை மகள் ஊரிலிருந்து வந்திருந்தபோது கைபேசியைக் காட்டி, உலகத்துப் பாட்டெல்லாம் இதற்குள் இருக்கிறதே, இத்தனை அட்டையைச் சுமந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டாள். தட்டக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்டி. கூப்பிட்டா ஓடி வர்றவங்க இருக்காங்க. நாமளே போய்ப் பாக்க வேண்டியவங்களும் இருக்காங்க" என்றார்.

அவருடைய வீட்டுக்காரர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். விடியுமுன் கிளம்பி, மதியம் முழங்கை வரை மாவு வாசனையோடு திரும்பி, சாப்பிட்டதும் படுத்துவிடுவார். அவர் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் தட்டக்கா காதை மூடும் பெரிய ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்கப் பழகினார். வீட்டுக்காரருக்கோ பாட்டென்றால் காத தூரம். தாலாட்டுக்கும் தேர்தல் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்வார். ஒருவர் தூங்க, ஒருவர் கேட்க, அந்தச் சின்ன வீட்டில் இருவருக்கும் மதியம் நிறைவாகவே கழிந்துவந்தது.

அப்படியொரு மதியத்தில்தான் புல்லாங்குழல் காணாமல் போனது.

தட்டக்காவுக்கு மிகவும் பிடித்த தட்டு ஒன்று உண்டு. வயலின் இடப்பக்கமும் புல்லாங்குழல் வலப்பக்கமும் இருந்து ஒன்றையொன்று கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும். அன்று வயலின் கேட்டது, பதிலைக் காணோம். காய்ச்சல் விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. காது மந்தமாக இருந்ததை, அழுக்கு அடைத்திருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார். இப்போது ஹெட்ஃபோனில்தான் ஒயர் விட்டுவிட்டது என்று நினைத்தார். அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி, வலதை இடது காதிலும் இடதை வலது காதிலும் மாட்டினார். புல்லாங்குழல் வந்துவிட்டது. வயலின் போய்விட்டது.

தட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாராம். "அப்ப வண்டியில கோளாறு இல்ல. டிரைவர்லதான்னு தெரிஞ்சுபோச்சு" என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அன்று சிரிக்கவில்லை.

வலது காதின் நரம்பு காய்ச்சலில் பழுதாகிவிட்டது, இனி திரும்பாது என்றார் டாக்டர். இடது காது நன்றாகவே இருக்கிறது என்று ஆறுதலும் சொன்னார். ஆனால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாதவரிடம் இத்தனை பயணிகளை எப்படி ஒப்படைப்பது? ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. டிப்போவிலேயே, வண்டிகள் கிளம்புமுன் பிரேக்கும் விளக்கும் டயரும் பார்த்து அனுப்பும் வேலை கொடுத்தார்கள். "ஓட்டினது போதும். இனி ஓடுறதப் பாக்கலாம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பிரேக்கைச் சோதிக்க இருக்கையில் ஏறினால் மட்டும் இறங்கக் கொஞ்சம் நேரமாகும். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

ஓட்டும் வேலை போன துக்கத்தை வாய்விட்டுச் சொல்லிக் கரைத்தார். பாட்டுப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. பாதி மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது, பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. பாட்டுப்பெட்டியைத் துணிபோட்டு மூடிவிட்டார். ஹெட்ஃபோனில் கேட்பவர் என்பதால் வீடு முன்பும் அமைதிதான், பின்பும் அமைதிதான். வெளியார் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. லீவு நாளில் கம்பிக்கூடையில் சாப்பாட்டுத் தட்டுகள் மட்டும் காய்வதைப் பார்த்தார். அடுத்த லீவிலும் அப்படியே. மனைவி காய்கறி வாங்கப் போன நேரத்தில் துணியை விலக்கி, தெரிந்தும் தெரியாமலும் பெட்டியை ஓடவிட்டு, மேலாக இருந்த தட்டைப் போட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தன் வலது காதின் மேலிருந்ததை விலக்கிவிட்டு, விரலால் காதை அடைத்துக்கொண்டு கேட்டார்.

மறுநாள் ரேடியோ ரிப்பேர்க்காரர் முன்னால் ஹெட்ஃபோனை வைத்தார். "என் வீட்டுக்காரிக்கு ஒரு காதுதான் கேக்கும். பாட்டு ரெண்டு பக்கமா பிரிஞ்சு வருது. ரெண்டையும் ஒரே பக்கம் வர்ற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டார். ரிப்பேர்க்காரர், எல்லோரும் ஒன்றை இரண்டாக்கத்தான் வருவார்கள், இரண்டை ஒன்றாக்கச் சொல்லி வந்தவர் நீங்கள் ஒருத்தர்தான் என்றார். உள்ளே இரண்டு ஒயர்களைச் சேர்த்துப் பற்றவைத்தார். அவ்வளவுதான் வேலை.

வீட்டுக்கு வந்தவர் ஒரு விளக்கமும் சொல்லாமல் ஹெட்ஃபோனை நீட்டினார். தட்டக்கா வேண்டா வெறுப்பாக மாட்டிக்கொண்டு ஊசியை வைத்தார். வயலின் கேட்டது. புல்லாங்குழல் பதில் சொன்னது. அதே காதில், வயலினின் தோளிலேயே இடித்துக்கொண்டு.

"ரெண்டு பேரும் ஒரே சீட்டுல நெருக்கி உக்காந்திருக்காங்க. ஆனா ஏறிட்டாங்க" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டபோது, வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல், "ஒரு காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டுப் பாத்தேன். எனக்கே பாதியக் காணோம். உனக்கு எப்படி இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

இப்போது தட்டக்கா பழைய சாமான் கடையில், பாட்டை இரண்டாகப் பிரிக்கத் தெரியாத காலத்தில் பதிந்த தட்டுகளைத் தேடித் தேடி எடுக்கிறார். மற்றவர்கள் ஒதுக்குபவை அவை. "எனக்குன்னே பண்ணி வெச்சிட்டுப் போயிருக்காங்க" என்று அள்ளிக்கொள்கிறார். அலமாரி நிரம்பி, இரண்டாவது வரிசை கட்டிலுக்கடியில் போய்விட்டது. வீட்டுக்காரரின் செருப்புக்கு இடமில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இன்று மதியமும் ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கண்மூடிச் சாய்ந்திருக்கிறார் தட்டக்கா. தூக்கம் கலைந்த வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கடையில் அடுப்பு சரியாகச் சூடேறாததையும் முதல் ஈடு ரொட்டி வெளுத்துப்போனதையும் பற்றி என்னவோ சொல்லத் தொடங்குகிறார். கண்ணைத் திறந்தபோது அவர் வாய் அசைவதைத் தட்டக்கா பார்க்கிறார். ஊசியைத் தூக்கவில்லை. இடது காதின் மேலிருப்பதை மட்டும் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, கேட்காத காதின் மேல் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, கேட்கும் காதை அவர் பக்கம் திருப்புகிறார்.