அத்தான் சுட்ட ரொட்டி

என் அத்தானைப் பற்றி வெளியே நாலு பேரிடம் கேட்டால் நாலு பேரும் தங்கமான மனுஷர் என்றுதான் சொல்வார்கள். அந்த நாலு பேரில் யாரும் அவரோடு குடித்தனம் நடத்தியதில்லை. நடத்தியவள் என் அக்கா, முப்பத்தோரு வருஷமாக. அவரைப் பற்றிப் பேச அவளுக்குத்தான் உரிமை. ஆனால் அவள் வாயைத் திறக்கமாட்டாள், எனக்கோ வாய் சும்மா இருக்காது.

அத்தான் எடை அளவு சோதிக்கிற ஆபீசில் வேலை பார்த்தவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்தவேண்டும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் இருக்கும். தராசு வைத்த மேஜை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நகர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். மேஜைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகி, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் தராசையே தொடுவார். ஆபீசில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். அது கேலி என்று ஓய்வு பெறுகிற நாள்வரை அவருக்குத் தெரியாது. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் இருந்த வீட்டை விற்று ஒரு படகை வாங்கினார். அக்காவைக் கேட்டாரா என்றால், சொன்னார். அவர் அகராதியில் இரண்டும் ஒன்று. ஒருகாலத்தில் செங்கல் ஏற்றிய நீளமான படகு. அதற்குள் தடுப்பு வைத்து ஒரு சமையலறை, ஒரு படுக்கை, துணி மாட்ட இரண்டு ஆணி. ஆற்றங்கரைப் படகுத்துறையில் இன்னும் ஏழெட்டுப் படகுகளோடு கட்டிப் போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் சிலருக்கு இப்படிக் கிறுக்குப் பிடிப்பதுண்டு. பிடித்தால் அவர்களோடு போகட்டும். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. குளியலறையில் தண்ணீர் தேங்கினாலே வாசலில் நின்று யோசிக்கிறவள்.

“எனக்கு ஒரே ஒரு ரூம் போதும்டி. கால வச்சா தரை ஆடாம இருக்கணும், அவ்ளோதான்” என்று முதல் வாரமே என்னிடம் சொன்னாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

படகுக்குப் போனதும் அத்தானுக்கு ரொட்டிப் பைத்தியம் பிடித்தது. கடை ரொட்டி பஞ்சாம், காற்றாம். தன் கையால் சுட்ட ரொட்டிதான் ரொட்டியாம். அந்தக் கை என்ன செய்தது என்று நான் பார்த்திருக்கிறேன். உப்பை நிறுத்தது. ஈஸ்ட் கரைக்கும் தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தது. மாவு பிசைந்தால் மட்டும் அதற்கு மணிக்கட்டு வலிக்கும். அதனால் அக்கா பிசைந்தாள். சமையலறையில் அதற்கு இடம் கிடையாது. படுக்கைமேல் பலகையைப் போட்டு, கீழே மண்டியிட்டு, இருபது நிமிஷம் அழுத்தி அழுத்திப் பிசைவாள். பிறகு துண்டைச் சுற்றி இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் கதகதப்பாக வைத்து, பொங்கியதும் தகர அச்சில் போட்டுக் கொடுப்பாள். அத்தான் அதை ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார். முக்கால் மணி கழித்துத் திறப்பார். உடனே தட்டில் நறுக்கி வைத்துக்கொண்டு துறை முழுக்க ஒரு நடை.

“நானே சுட்டது. சாப்பிட்டுப் பாருங்க.”

ரொட்டி நன்றாகவே இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ரொட்டி ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் சப்பென்று வந்தது. அக்கா பிசைகிற மாவு தளர்வாக இருக்கும், சாய்ந்த பக்கம் ஒதுங்கிவிடும். அத்தான் முதலில் அவளைத்தான் பிடித்தார்.

“மாவ அச்சுல சமமா போடத் தெரியல உனக்கு.”

மறுநாள் அவர் கண்ணெதிரேயே சமமாகப் போட்டுக் கொடுத்தாள். மறுபடியும் அதே கோணல். அத்தான் ரசமட்டத்தை எடுத்து ஓவன்மேல் வைத்தார். குமிழி வலது ஓரத்துக்கு ஓடியது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள் அக்கா, வேலை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்ததாம். ஓவனின் இடது கால்களுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகினார். குமிழி நடுவுக்கு வந்தது. ரொட்டியும் நிமிர்ந்தது.

பத்து நாளில் திரும்பக் கோணல், இன்னொரு பலகைத் துண்டு. அடுத்த மாதம் மூன்றாவது. கட்டிலுக்கு ஒன்று, சாப்பாட்டு மேஜைக்கு ஒன்று. தராசு தப்பாகக் காட்டினால் மேஜையைச் சரி செய், அதுதான் முப்பது வருஷம் அவர் பார்த்த உத்தியோகம். கட்டடமே சாய்கிறதா என்று பார்ப்பது அவருடைய ஆபீசில் யாருடைய வேலையும் இல்லை.

அக்கா சொல்லாமல் இல்லை. “என்னங்க, ஓவன் சாயல. படகுதான் சாயுது. தரைக்கடியில தண்ணி தளும்புற சத்தம் கேக்குது.”

“படகுல தண்ணி சத்தம் கேக்காம ரயில் சத்தமா கேக்கும்?” என்றார் அத்தான். இந்தப் பதிலைத் துறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் அங்கே போயிருந்தேன். படகின் இரண்டு பக்கமும் தண்ணீருக்குச் சற்று மேலே அத்தான் சிவப்புக் கோடு அடித்திருந்தார். கரையில் நின்று பார்த்தபோது இடது பக்கக் கோடு பாதிக்குமேல் தண்ணீருக்குள் இருந்தது. இந்த மனுஷருக்கு ஒரு கோடுகூட நேராகப் போட வராதா என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவரை இளக்காரம் பண்ணுகிற சுகத்தில் என் கண்ணும் அவிந்துபோயிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துறைக்காரர்கள் ஆறு பேரை ரொட்டி சாப்பிடக் கூப்பிட்டார் அத்தான். ஆறு பேரும் இடது பக்க பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். படகு அந்தப் பக்கம் இன்னும் சரிய, அங்கே வெளியே நீட்டியிருந்த பாத்திரம் கழுவுகிற தொட்டியின் கழிவுக் குழாய் வாய் ஆற்றுக்குள் அமிழ்ந்து, தொட்டி வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டியது. தரைப் பலகைகள் மிதந்தன. அடுத்த படகுக்கார அம்மாள், கட்டிலில் ஏறி நின்று அலறிக்கொண்டிருந்த அக்காவை இடுப்போடு அணைத்து இழுத்துக் கரையேற்றினாள். அத்தான் பின்னாலேயே வந்தார், ரொட்டித் தட்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒரு துண்டுகூட நனையவில்லை.

படகைத் தூக்கிப் பட்டறையில் ஏற்றினார்கள். அத்தானோடு நானும் போயிருந்தேன். மெக்கானிக் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“தொட்டிக் குழாயோட கிளிப் கழண்டிருக்கு சார். மாசக்கணக்கா இடது பக்கம் அடியில சொட்டி ரொம்பியிருக்கு. ஆரம்பத்துலயே பாத்திருந்தா பத்து நிமிஷ வேலை. சாய ஆரம்பிச்சது தெரியலையா?”

“ஓவன்ல வித்தியாசம் தெரிஞ்சுது. அப்பப்ப சரி பண்ணிட்டேன்” என்றார் அத்தான். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம்.

இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஐம்பது நாள். முன்னறையில் அத்தான் உட்கார்ந்து, படகு மூழ்கிய கதையை வருகிறவர்களிடமெல்லாம் வீரசாகசம் போலச் சொல்லிக்கொண்டிருப்பார். அதில் தட்டு வரும், அக்கா வரமாட்டாள். அக்கா என் சமையலறையில் செருப்பில்லாமல் நடப்பாள். சில சமயம் சும்மா நின்று, குதிகாலால் தரையை அழுத்திப் பார்ப்பாள். அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

படகு தயார் என்று பட்டறையிலிருந்து போன் வந்தது. அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். அக்கா பையை எடுத்து வைத்தாள். வாசல்வரை அவர் பின்னால் போனவள், படிக்கட்டில் நின்றுவிட்டாள்.

“நான் வரலீங்க.”

“என்ன வரல?”

“எனக்கு அங்க பயமா இருக்கு. இனிமே நான் அந்தப் படகுல கால வைக்கமாட்டேன். நீங்க போறதுன்னா போங்க.”

முப்பத்தோரு வருஷத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குத் திக்கென்றது. அவளைப் பெருமையாகப் பார்க்கக்கூட முடியவில்லை, அவ்வளவு பயம். ஏனென்றால் பை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவர் மட்டும் அந்த நிமிஷத்தில், நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இவள் பின்னாலேயே போயிருப்பாள். எனக்கு என் அக்காவைத் தெரியும்.

அத்தான் நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே கவலைப்பட்டு யோசித்தார். பிறகு கேட்டார்.

“அப்ப மாவு யார் பிசையறது?”

அக்கா பையைக் கீழே வைத்தாள்.