முதல் அரியதரம் போடுகிற கை

கல்யாண வீட்டுக்குப் பலகாரம் சுடுகிறவள் வேலை கேட்டுப் போகக் கூடாது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள் துண்டு வைத்த தட்டோடு பெண்ணைப் பெற்றவள் வீடு தேடி வர வேண்டும். கேட்டுப் போன கைக்கு ராசி கிடையாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். யார் போட்ட சட்டமோ தெரியாது. போட்டவருக்கு வயிறு என்று ஒன்று இருந்திருக்காது.

எனக்குக் கைராசி இருப்பதாகத் திருகோணமலைச் சனம் சொன்னது. கல்யாண வீட்டுக் குசினியில் தாச்சியை ஏற்றி, எண்ணெய் காய்ந்ததும் முதல் அரியதரத்தை நான்தான் போடுவேன். அரிசிமாவைச் சீனிப்பாகில் பிசைந்து தட்டிச் சுடுகிற அரியதரம் பொல்லாத பலகாரம். பதம் தப்பினால் எண்ணெயில் கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். முதலாவது உடையாமல் மேலே மிதந்து வந்தால் கட்டப் போகிற தாலியும் நிலைக்கும் என்பது பெண்டுகளின் நம்பிக்கை. ஆகவே அதைப் போடுகிறவள் சுமங்கலியாகவும் பிள்ளை பெற்றவளாகவும் இருக்க வேண்டும். என் மகளை நிலாவெளியில் கட்டிக் கொடுத்திருந்தேன். என் மனுசன் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் கூலி வேலை செய்தார். உலக யுத்தம் தொடங்கின புதிதில் துறைமுகம் நிறையக் கப்பல், ஊர் நிறைய வேலை. ஒரு தட்டு வந்து போன சூட்டோடு அடுத்த தட்டு வாசலில் நிற்கும். வர ஏலாது என்று நான் திருப்பி அனுப்பினதும் உண்டு. அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே போட வேண்டும் போலிருக்கிறது.

பிறகு விமானங்கள் வந்து குண்டு போட்ட காலை. மனுசன் விடிய முன்னரே பழஞ்சோறு தின்றுவிட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்து கிடக்கிறது, வீட்டில் இதைக்கூடப் பார்க்க ஆளில்லை என்று என்னை ஏசிக்கொண்டு வேலைக்குப் போனவர். அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை. சீனன்குடாப் பக்கம் எழும்பின கறுப்புப் புகை நாட்கணக்கில் அடங்கவில்லை. ஊர்ச்சனம் மூட்டை முடிச்சோடு ஓடியது. நானும் என் மச்சாளும், அதாவது மனுசனின் தமக்கையும், சனத்தோடு சனமாகக் குச்சவெளி வரை நடந்தோம். மச்சாள் வெகு காலத்துக்கு முன்னரே புருசனை இழந்து எங்களோடு இருந்தவள். வழி நெடுகத் தம்பி, தம்பி என்று அரற்றிக்கொண்டே வந்தாள்.

திரும்பி வந்தபோது வீடு இருந்தது, அவர் இல்லை. கிழமை தவறாமல் சீனன்குடாவுக்கு நடையாய் நடந்தேன். காவல்காரர்கள் உள்ளே விடவில்லை. ஆள் செத்தாரா, ஓடினாரா, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரா என்று சொல்லுவார் இல்லை. தப்பி ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே நானும் நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை.

கல்யாணங்கள் நின்று போயின. பாதிச் சனம் ஊரில் இல்லை. இருந்தவர்களுக்கு அரிசியும் சீனியும் கூப்பனுக்குத்தான். இரவில் அடுப்பு வெளிச்சம் வெளியே தெரிந்தால், விமானத்துக்கு வழி காட்டுகிறாயா என்று காவல்காரர் வந்து கத்துவார்கள். கட்டியே தீர வேண்டியவர்கள் கோயிலில் தாலியைக் கட்டி, ஆளுக்கொரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பலகாரம் என்ற பேச்சே இல்லை. என் தாச்சி சுவரில் தொங்கியபடியே துருப்பிடித்தது. கிழமைக்கொரு தரம் எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, திரும்பக் கொழுவுவேன். வேலை இல்லாதவளுக்கு அது ஒரு வேலை.

வேறு தொழில் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பலர் கேட்டார்கள். புத்தி சொல்ல ஊரில் பஞ்சமே இல்லை. உப்புவெளிக் கரையில் மீன் வெட்டிக் கருவாடு காயப்போடப் பெண்டுகள் தேவைப்பட்டார்கள். போனால் அன்றாடம் அடுப்பு எரியும். ஆனால் கருவாட்டில் ஊறின கையைக் கல்யாணத் தாச்சிக்குக் கிட்டவும் விடமாட்டார்கள். தெருவோரம் சட்டி வைத்து வடை சுட்டால், தெருவில் சட்டி வைத்தவள் என்ற பெயர் சாகும் வரை போகாது. யுத்தம் இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியும் என்று கதைத்தார்கள். முடிந்தால் முதல் தட்டு என் வாசலுக்குத்தான் வரும் என்று நானும் இருந்தேன். இலவு காத்த கிளியை இரண்டு தரம் காக்க வைத்தால் எப்படியோ அப்படி.

கருவாட்டுக்கு மச்சாள் போனாள். "நான் தாலி அறுத்தவள். என்ர கைக்கு என்ன தீட்டு வரப்போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னேரம் வந்து, கிணற்றடியில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் குளித்த பிறகுதான் உள்ளே கால் வைப்பாள். என் சேலையில் நாற்றம் பட்டுவிடும் என்று தன் பாயைக்கூடத் தள்ளிப் போட்டாள். பொட்டில்லாதவள் உழைத்தாள், பொட்டுக்காரி குந்தியிருந்து தின்றாள். அந்தச் சோற்றை நான் நன்றியோடு தின்னவில்லை. எரிச்சலோடு தின்றேன். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது.

அவளுக்கும் ஒரு ஆத்திரம் இருந்தது. தம்பிக்குக் கிரியை செய்ய வேண்டும் என்று நாளும் பொழுதும் அரித்தாள். ஆள் இல்லாவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம், ஐயரைக் கேட்டேன் என்றாள். அவன் தண்ணிக்கு அலைகிறான், கனவில் வருகிறான் என்றாள். உயிரோடு இருக்கிறவருக்கு ஆரும் கிரியை செய்வார்களா என்று நான் சீறுவேன். அவள் வாய் மூடும். அடுத்த நாள் திரும்பத் தொடங்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால், கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்போம், வந்தார். மனுசனோடு ஒரே கும்பலில் வேலை செய்தவர். முதுகிலும் கையிலும் எரிந்த தழும்பு. இவ்வளவு காலமும் படுக்கையில் கிடந்ததாகச் சொன்னார். மச்சாள் உப்புவெளிக்குப் போயிருந்தாள். அவர் முற்றத்தில் நின்றபடியே, நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, நான் கண்ணால கண்டனான். எனக்கு முன்னாலதான் விழுந்தவர். எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

நான் அழவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். "நானா, இதை வேறை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்றேன்.

அவர் நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார். வாக்குத் தவறாத மனிதர். நல்லாயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் குங்குமத்தைப் பெரிதாக வைக்கத் தொடங்கினேன். மகளுக்கும் சொல்லவில்லை. கும்பிட்ட கோயிலுக்கும் சொல்லவில்லை. ஊரோ என்னைத் தலையில் தூக்கி வைத்தது. புருசன் வருவான் என்று பொட்டழியாமல் காத்திருக்கிறாளே, இவளல்லவோ பத்தினி என்றார்கள். கிணற்றடியில் கதை, சந்தையில் கதை. நான் காத்திருந்தது மனுசனுக்கா? வெற்றிலைத் தட்டுக்கு. பொட்டு அழிந்தால் தாச்சியும் போய்விடும். அறுத்தவளின் கையால் எந்தக் கல்யாண வீடு முதல் அரியதரம் போடுவிக்கும்? இதைச் சொன்னால் பத்தினி என்ற அதே வாய் காறித் துப்பும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அந்த மாரியோடு மச்சாளும் கிரியைக் கதையை விட்டுவிட்டாள். அலுத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன். அரிப்பு விட்டது என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மாரி போய், கோடை போய், அடுத்த மாரியும் போனது. துறைமுகத்துக்குத் திரும்பக் கப்பல்கள் வரத் தொடங்கின. பின்னால் சனமும் வந்தது. ஒரு நாள் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளையின் தாய் தட்டோடு நின்றாள். காலமெல்லாம் நான் பார்த்திருந்த தட்டு. வெற்றிலை கொஞ்சம் வாடியிருந்தது. இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னாள்: "காத்திருக்கிறவளின்ர கைதான் எனக்கு வேணும். என்ர பிள்ளைக்கும் உம்மட மனசு வரவேணும்."

எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த வீட்டில் சீனி எப்படிச் சேர்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளிச்சம் வெளியே போகாமல் குசினிச் சாளரத்துக்குச் சாக்குக் கட்டியிருந்தது. எண்ணெய் காய்ந்தது. பெண்டுகள் சுற்றி நின்றார்கள். மாவைத் தட்டிக் கையில் எடுத்த நேரம் பார்த்து, ஒரு பெரியவள் கேட்டாள்.

"மனுசனிட்ட இருந்து ஏதும் செய்தி உண்டோ பிள்ளை?"

மா என் விரலில் ஒட்டத் தொடங்கியது.

"ஓம்," என்றேன். "வருவார்."

போட்டேன். தாச்சியின் அடியில் போய்க் கிடந்தது. கரையப் போகிறது, இத்தனை பேருக்கு முன்னால் என் பொய் எண்ணெயில் கரையப் போகிறது என்று நினைத்தேன். கரையவில்லை. முழுசாக, பொன் நிறமாக மேலே வந்தது. பெண்டுகள் குரவையிட்டார்கள். கேட்ட பெரியவள் என் தலையில் கை வைத்து, தாலி நிலைக்க வேண்டும் என்று வாழ்த்தினாள். தாலியை அறுத்து அந்த எண்ணெய்க்குள் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் வந்தது. இரண்டாவதைத் தட்டிப் போட்டேன்.

கூலியோடு, ஓலைப் பெட்டியில் கொஞ்சம் அரியதரமும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து மச்சாளிடம் பெட்டியைக் கொடுத்தேன். தின்னுவாள் என்று பார்த்தேன். அவள் எழும்பிப் போய் வாழையிலைத் துண்டொன்று வெட்டி வந்து, மூலையில் விரித்து, இரண்டு அரியதரமும் ஒரு செம்பு தண்ணீரும் வைத்தாள். விளக்கேற்றினாள். கும்பிட்டாள்.

"என்ன மச்சாள் செய்யிறீங்கள்?" என்று கேட்டேன்.

"தம்பிக்கு அரியதரம் எண்டா உயிரெல்லோ," என்றாள். "இண்டைக்காவது திண்டு தண்ணி குடிக்கட்டும்."

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அந்த ஐப்பசியோட நீ சீனன்குடாவுக்கு விசாரிக்கப் போறதை விட்டிட்டாய். அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது."

அன்றைக்குத்தான் நான் அழுதேன். சத்தம் வெளியே போகக் கூடாது என்று சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேள்வி வரும். அவளும் அப்படித்தான் அழுதாள். கூடப்பிறந்தவனுக்கு ஒப்பாரி வைக்கக்கூட அவளுக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

அழுது முடிந்ததும் மச்சாள் எழும்பி முகம் கழுவினாள். அலுமாரியைத் திறந்து என் குங்குமச் செப்பை எடுத்துப் பார்த்தாள்.

"முடியப் போகுது," என்றாள். "பின்னால இன்னும் கல்யாணம் வரும். நாளைக்கு நான் வாங்கி வாறன்."

அடுத்த நாள் உப்புவெளியால் வரும் வழியில் வாங்கி, வெள்ளைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்தாள். நான் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.