அவருடைய நெற்றியில் திருநீறு

உயிரோடு இருந்தவரை என் கணவருடைய நெற்றியில் திருநீற்றைக் கண்டவர் யாரும் இல்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்து வந்த நினைவு மலரின் அட்டையிலோ, மூன்று குறியும் சந்தனப் பொட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்ரூடியோக்காரர் கணினியிலேயே பூசிவிட்டிருக்கிறார்.

“வெறும் நெத்தியாய் இருந்தது, அதுதான் போட்டனான் அன்ரி. அதுக்குக் காசு எடுக்கேல்லை” என்று பெருமையோடு வேறு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கூட வந்த மகன் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவர் இடதுசாரி. மே தினத்தில் லொறித் தட்டில் ஏறி நின்று, வாக்குக் கேட்டு வருகிறவர்களையும் தன் கட்சியின் தலைவர்மாரையும் சேர்த்தே நக்கலடித்து நாடகம் போட்ட மனுசன். கட்சி இரண்டாய் உடைந்தபோது இரண்டு பக்கமும் அவரைத் தள்ளிவைத்ததற்கு அந்த வாய்தான் காரணம். அவருடைய ஒரு நாடகத்தை மட்டும் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. எல்லாச் சாதியையும் கோயிலுக்குள் விடு என்று தோழர்கள் வாசலில் குந்தியிருக்க, கோயில்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போன காலத்தில் எழுதியது.

உள்ளே பூட்டுப்பட்டுப்போன சாமிதான் கதாநாயகன். மேடையில் சாமியாக நிற்பவர் இவர். கதவுக்கு வெளியே நிற்கிற தொழிலாளியாக வந்தவர் தென்மராட்சிப் பக்கத்துத் தோழர் ஒருவர். அந்தக் கோயிலுக்குள் விடப்படாத சனங்களில் ஒருவர் அவர். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது குசினியில் நின்று நான்தான் மற்றவர்களுடைய வசனமெல்லாம் சொல்வேன். கறி அடிப்பிடிக்கும்.

“நான் செத்தால் நினைவு மலரிலை தேவாரத்தைப் போடாதை. உந்த நாடகத்தைப் போடு” என்று கடைசிக் காலத்தில் கேட்டார். என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான். நானும் ஓம், போடுறன் என்றேன்.

ஓம் என்று சொல்வது லேசு. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அதை எழுதினேனோ இல்லையோ, லண்டனும் ரொறன்ரோவும் சேர்ந்து என் மேல் பாய்ந்தன. கனடாவிலிருந்து அந்தியேட்டிக்கு வந்திருந்த என் மகன், “அம்மா, உந்தச் சாதிக் கதையெல்லாம் இப்ப ஏன்? இந்தக் காலத்திலை ஆர் உதெல்லாம் பாக்கினம்?” என்றான்.

அவருடைய தம்பி இன்னும் நயமாகக் கதைத்தார். “மச்சாள், அண்ணை பெரிய பகிடிக்காரன். அதை வடிவாய் எழுதுவம். ஆனால் பகிடியைப் போடேலாது. கோயில்காரரும் சாப்பாட்டுக்கு வருவினமெல்லே.”

அப்படியே செய்தார்கள். ‘நகைச்சுவை உணர்வு மிக்க சமூக சேவையாளர்’ என்று எழுதி, மிச்சப் பக்கங்களைத் தேவாரத்தால் நிரப்பினார்கள். மே தினப் படத்தில் செங்கொடியை வெட்டிவிட்டதில், பஸ்ஸை மறிக்கிற ஆளைப்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஒருவரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். எல்லாரும் அவர்மேல் உயிர்தான்.

அந்தியேட்டியன்று கீரிமலைத் தீர்த்தக்கரையில் கிரியை முடிந்து வந்து, விறாந்தையில் வரிசையாக இலை போட்டார்கள். கோயில்காரர் முன்வரிசையில் இருந்தார்கள். அப்போதுதான் தென்மராட்சித் தோழர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் எண்பதை நெருங்கும் வயது. தம்பி ஓடிப்போய் முற்றத்துப் பந்தலின் கடைசியில் ஒரு கதிரை போட்டார். கொஞ்ச நேரத்தில் பொலித்தீன் லஞ்ச் சீற்றில் கட்டிய சோற்றுப் பார்சல் ஒன்று போனது.

“ஐயா தூரம் போகவேணும். அதுதான் கட்டித் தந்திட்டம்” என்றார் தம்பி.

மனுசன் வந்து இருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போகவேண்டும் என்று வாய் திறக்கவும் இல்லை. பார்சலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. மகனைப் பார்த்தேன். அவனும் கண்டுவிட்டான். கண்டுவிட்டு, குனிந்து கைபேசியைப் பார்த்தான்.

நான் விறாந்தை வாசலில் போய் நின்றேன். எத்தனையோ ஒத்திகையில் கேட்டுக் கேட்டுப் பாடமாகிப்போன சாமியின் வசனம், என் கணவருடைய குரலிலேயே என் தொண்டையிலிருந்து வந்தது.

“கதவைத் திறவுங்கோ! உள்ளுக்கை இருக்கிறவையோடை எனக்கு மூச்சு முட்டுது!”

சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “மச்சாள், என்ன இது, ஆக்கள் சாப்பிடினம்” என்று தம்பி என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

பந்தலின் கடைசியில் கிழவர் பார்சலைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார். மெல்ல நடந்து படிக்குக் கிட்ட வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னுடைய பழைய வசனத்தைச் சொன்னார்.

“நீர் உள்ளுக்கை நிண்டு தள்ளும், சாமி. நாங்கள் வெளியிலை நிண்டு இழுக்கிறம்.”