இரண்டாம் தடவை கேட்ட பூ

அரியலூரில் எனக்கும் என் தம்பிக்கும் சேர்த்து ஒரு பந்தல் கடை. நாற்காலி, சாமியானா, சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிறோம். மூன்று வருசத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் கேட்க ஆரம்பித்தார்கள். சாதாரணக் கார் கிடையாது. மேலே மூடி இல்லாத, வெளிநாட்டுக்காரன் ஓட்டுகிற மாதிரி ஸ்போர்ட்ஸ் கார். அசல் நம்ம பக்கம் ஏது? பட்டறையில் அதே மாதிரி செய்து விற்கிறார்கள்.

பெரம்பலூரில் இரண்டு விலைக்கு வந்தன. ஒன்று பத்து வருசத்துக்கு முன் செய்தது, பழைய ஜீப்பின் சட்டத்தில் தகரம் அடித்தது. இன்னொன்று அப்போதுதான் பட்டறையை விட்டு வெளியே வந்த ஃபைபர் வண்டி. மஞ்சள் கலர், மினுமினுவென்று இருந்தது.

தம்பிதான் ஓட்டப்போகிறவன். சாக்கை விரித்து இரண்டுக்கும் அடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து வந்து, "பழசே எடுத்துக்கலாம்ணே" என்றான்.

"ஏன்டா, இதுல ஏத்துனா மாப்ள இறங்கி ஓடிருவான். சீட்டப் பாரு, எலி குடும்பம் நடத்துது."

"சீட்டு மாத்திக்கலாம். பத்து வருசம் ஓடி எங்கெங்க உடையணுமோ அங்கல்லாம் உடைஞ்சு, வெல்டிங் வச்சு சரி பண்ணிட்டாங்க. புதுசு இன்னும் எங்கயும் உடையல. எங்க உடையும்னு செஞ்சவனுக்கே தெரியாது."

எனக்கு மஞ்சளிலேயே கண். பெண் வீட்டுக்காரர்கள் போனில் படத்தைப் பார்த்துத்தான் வண்டி கேட்கிறார்கள். பேச்சு முடியவில்லை. "சரி, பூ கேட்டுருவோம்" என்றேன்.

எங்கள் வம்சத்தில் பூ கேட்காமல் எதுவும் செய்ய மாட்டோம். போர்வெல் போடுவதென்றாலும், பெண் எடுப்பதென்றாலும் குலதெய்வம் கோயிலில் சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம்.

கோயில் குன்னம் பக்கம். அம்மாவுக்கு முட்டிவலி, வரவில்லை. பழைய வண்டிக்குச் சிவப்பு, புதுசுக்கு வெள்ளை என்று பூசாரியிடம் சொன்னோம். தம்பி எடுத்தான். சிவப்பு.

"பாத்தியாண்ணே" என்று சிரித்தான்.

நான் பூசாரியிடம், "கும்பிடுறப்ப மனசு வேற எங்கயோ போயிருச்சுங்க. இன்னொரு தடவ போடுங்க" என்றேன்.

"அப்படிக் கேக்கற வழக்கம் இல்லீங்களே."

"தப்புன்னா என்னோட போகட்டும். போடுங்க."

நானே எடுத்தேன். வெள்ளை வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சாமி புதுசத்தான் சொல்லிருச்சு" என்றேன். அம்மா மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தார்.

மஞ்சள் வண்டியை வாங்கிய நாலாவது மாதம் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம். காலை ஏழு மணிக்குத் தம்பி காரில் முன்னால் போனான். நான் பின்னால் நாற்காலி ஏற்றிய மினி லாரியில் போனேன். நல்ல ரோடு, எதிரே வண்டிகூட இல்லை. காரின் இடது முன்சக்கரம் தனியாகக் கழன்று முந்திரித் தோப்புக்குள் உருண்டு போனதை நான் பார்த்தேன். கார் பாலத்துச் சுவரில் முட்டியது. ஃபைபர் தேங்காய் ஓடு மாதிரி சிதறிவிட்டது. உள்ளே தம்பியைத் தாங்க ஒன்றுமே இல்லை. சக்கரத்தைப் பிடித்திருந்த இடத்தில் வெல்டிங் விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் தம்பியின் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா விளக்கு ஏற்றுவதை நிறுத்தினார். குலதெய்வத்தின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "கேட்டுட்டுத்தானே வாங்குனோம்? எம்புள்ள காலத் தின்ன சாமி எனக்கு வேணாம்" என்றார். தம்பி மகளுக்கு முதல் முடி குலதெய்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு வயசு தாண்டியும் கொடுக்க விடவில்லை. பிள்ளைக்கு முடி முதுகு வரை வளர்ந்து சடை சடையாகத் தொங்கியது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கட்டைக்காலை மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"வேணாம்ணே. பழிய சாமி தாங்கிக்கும். நீ தாங்க மாட்ட."

"உனக்கு எம்மேல கோவமே இல்லயாடா?"

"இருக்கு. அதுக்காக நீ அம்மாவையும் இழக்கணுமா?"

ஆனாலும் சொன்னேன். அம்மா அப்போது பிள்ளைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ கேட்ட?"

"ரெண்டு தடவம்மா. மொதல்ல சிவப்புதான் வந்துச்சு."

சீப்பு நின்றது. "வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனேடா அந்தச் சாமிய" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து போய்ப் படத்தைத் திருப்பி, முந்தானையால் துடைத்தார்.

அந்தத் திங்கட்கிழமையே முடி எடுக்கப் புறப்பட்டோம். என் வண்டியில் அம்மா ஏறவில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பிள்ளை தாய்மாமன் மடியில் அழுதது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார்கள். கட்டைக்காலோடு படியேறி உள்ளே போன தம்பி, "வாண்ணே" என்று கூப்பிட்டான்.

அம்மா சாமியைப் பார்த்தபடியே, "அவன் அங்கயே நிக்கட்டும்" என்றார்.

நான் வாசல் மண்ணிலேயே விழுந்து கும்பிட்டேன்.